புகை வராத மெழுகுவர்த்தி

மெழுகுக்குள் விரலை விட்டிருக்கக் கூடாது. "சுடாதுக்கா, தைரியமா தொட்டுப் பாருங்க. சோயா மெழுகாக்கும்" என்று கடைப்பெண் எரிந்துகொண்டிருந்த திரியை ஊதி அணைத்துக் கண்ணாடிக் குவளையை நீட்டினாள், டெல்பினும் யோசிக்காமல் நடுவிரலை விட்டுவிட்டாள். சுடவில்லை. அதுதான் வினை. சுட்டிருந்தால் கையை உதறி, அம்மா என்று ஒரு சத்தம் போட்டு, அதோடு முடிந்திருக்கும். இது இளஞ்சூடாக, வழவழவென்று, யாருடைய உடம்புக்குள்ளிருந்தோ இப்போதுதான் வெளியே வந்தது மாதிரி விரலைச் சுற்றிக்கொண்டது. வெளியே எடுத்ததும் வெளுத்து உறைந்து தோலை இழுத்தது. அந்த இழுப்பு அவளுக்குத் தெரியும். அன்றைக்கும் இப்படித்தான் இழுத்தது, இரண்டு கையிலும், முழங்கை வரைக்கும். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் உட்கார்ந்திருந்தபோது அண்ணனுடைய ரத்தம் காய்ந்து காய்ந்து தோலைப் பிடித்து இழுத்தது. யாரோ ஒரு நர்ஸ் வந்து, "பைப்புல கைய கழுவு பிள்ள" என்றாள். மாட்டேன் என்று கைகளைக் கக்கத்துக்குள் ஒளித்துக்கொண்டாள். கழுவினால் அவன் செத்துவிடுவான் என்று நினைத்தாள். கழுவவில்லை. அவன் செத்துத்தான் போனான். "எப்படிக்கா இருக்கு, லோஷன் போட்ட மாதிரி இல்லியா?" என்றாள் கடைப்பெண். சட்டையில் அபிஷா என்று பெயர் குத்தியிருந்தது. "ஆமா" என்றாள் டெல்பின். விரலைச் சேலையில் துடைத்தாள். போகவில்லை. மறுபடியும் துடைத்தாள்.

வீட்டுக்கு நல்லதாக ஒரு மெழுகுவர்த்தி வேண்டும், அவ்வளவுதான், இதற்கு ஏன் மனசு இத்தனை தூரம் ஓடுகிறது. அண்ணன் கிளீட்டஸின் படத்துக்கு முன்னால் சாயங்காலம் மெழுகுவர்த்தி ஏற்றாமல் அவள் ஒருநாளும் சோறு தின்றதில்லை. கடற்கரை ஊரான ஆரோக்கியத்துறையிலிருந்து கல்யாணமாகி நாகர்கோவிலுக்கு வந்தபோது நகையைவிடப் பத்திரமாக அந்தப் படத்தைத்தான் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பதினைந்து வருஷத்துப் புகை படத்துக்கு மேலே சுவரில் கறுப்பு நாக்காக நீண்டு கிடக்கிறது, எத்தனை தடவை வெள்ளை அடித்தாலும் உள்ளிருந்து கசிந்து வந்துவிடுகிறது. இப்போது இருமல். நெஞ்சு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "வீட்டுல என்ன புகை?" என்று கேட்டார். மெழுகுவர்த்தி என்றதும், அது மட்டும் காரணமில்லை, ஆனாலும் எந்தப் புகையும் இனி ஆகாது, வெளியே போனால் மாஸ்க் போடுங்கள் என்றார். வயரிங் வேலை பார்க்கிற புருஷன் ஜஸ்டினுக்கு அது ரொம்பச் சின்ன விஷயம். "பேட்டரில எரியுதது இருக்கு டெல்பின், நெருப்பு மாதிரியே ஆடும். வாங்கிட்டு வரட்டா?" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அவள் கையிலிருந்த சில்வர் தம்ளர் அவன் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் அடித்து நசுங்கியது. எறிந்தது தெரியவே இல்லை அவளுக்கு. அவன் குனிந்து தம்ளரை எடுத்து, நசுங்கின இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே, "நீ மீன் வெட்டும்போது பக்கத்துல வர எனக்கே பயமா இருக்கு, தெரியுமா" என்றான். தெரியும். மீன் தலைக்கு ஒரு வெட்டுப் போதும், அவள் இரண்டு போடுவாள். இரண்டாவது மீனுக்கு இல்லை. அது ததேயூசுக்கு. அண்ணனைக் கொன்றவனை அவள் எத்தனை விதமாகக் கொன்றிருக்கிறாள் என்று ஜஸ்டினுக்குத் தெரியாது. வடித்த கஞ்சியை முகத்தில் ஊற்றி, கடலுக்குள் நீளும் தூண்டில் பாலத்துப் பாறையில் தலையை மோதி, சேலையைக் கழுத்தில் முறுக்கி. பெரும்பாலும் பின்னாலிருந்துதான். பிடரியில் முடி முடிகிற இடத்தில் ஒரு பள்ளம் இருக்குமே, அங்கே. நினைப்பில் அவன் ஒருபோதும் திரும்பிப் பார்த்ததில்லை. அடித்து முடித்ததும்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

"இதப் பாருங்கக்கா" என்று அபிஷா ஒன்றைத் திருப்பிக் காட்டினாள். "மேல வெள்ள வெள்ளையா பூத்திருக்கு பாத்தியளா? கெட்டுப்போனதுன்னு நெனச்சு எல்லாரும் திருப்பி வச்சிட்டுப் போயிருவாவ. கலப்படமில்லாத சோயான்னா அப்படித்தான் பூக்கும். நகம் வச்சா பதியும். பருத்தித் திரி. அந்த ரோஸ் கலர் பளபளன்னு இருக்குதே, அதுல நேச்சுரல்னு பேருதான், முக்காவாசி பாரஃபின், புகை கக்கும், வாசனையும் மூக்குல அடிக்கும். ஒங்களுக்கு நெஞ்சு சரியில்லன்னு சொன்னியளே, அது வேண்டாம்." சொல்லிவிட்டுக் கவுண்டரில் யாரோ கூப்பிடவும் போய்விட்டாள். டெல்பின் பூத்த மெழுகில் நகத்தை வைத்தாள். பதிந்தது. இன்னும் அழுத்தினாள். கத்தி இப்படித்தான் போயிருக்கும். அவ்வளவு லேசாக. திருநாள் மத்தியானம், கடற்கரை மணல் கண்ணைக் குத்துகிற வெயில். சப்பரத்தின் முன்கம்புக்கு யார் தோள் கொடுப்பது என்பதில்தான் தொடங்கியது. அதுவும் சண்டையாகத் தொடங்கவில்லை, கேலியாகத்தான் தொடங்கியது. "தள்ளி நில்லுல ததேயூசு, ஒனக்கெல்லாம் தோள் எட்டாது" என்று கிளீட்டஸ் சிரித்துக்கொண்டே தள்ளினான், ததேயூஸ் கால் இடறிக் கறி கழுவின தண்ணீர்ச் சேற்றில் விழுந்தான், கரையே சிரித்தது. எழுந்துபோய்க் குளித்து, ஆட்டுக்கறிச் சோறு போட்டு முடிகிற நேரம் அவன் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தான். வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தானே, அதை அவளால் இன்றைக்கும் தாண்டிப் போக முடியவில்லை. கோபத்தில் குத்துகிறவன் சட்டை மாற்றுவானா. துவைத்து மடித்த நீலச் சட்டை, அதற்குள் சுறா வெட்டுகிற கத்தி. வயிற்றில் இரண்டு. கிளீட்டஸ் விழாமல் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காதைக் கடித்தான், கடித்த காது வாயோடு வந்துவிட்டது, அதன் பிறகுதான் மூன்றாவது, நெஞ்சில். சோற்று வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்து அவள் துப்பட்டாவைச் சுருட்டி வயிற்றில் அமுக்கினாள். வயிற்றை அமுக்கினால் நெஞ்சு ஊதியது. நெஞ்சுத் துளையிலிருந்து ஒரு விசில், மெல்ல, ஒவ்வொரு மூச்சுக்கும். அண்ணன் வாயில் இன்னொருத்தன் காது இருந்தது. அவள்தான் விரலை விட்டு அதை எடுத்துப் போட்டாள், இதே நடுவிரல்.

அதனால்தான் ஆள் தெரிந்தது. கடைக் கதவு திறந்து வெளிச் சூடும் பஸ் சத்தமும் உள்ளே வந்தபோது அவள் நிமிரவில்லை. பக்கத்து அலமாரியில் வந்து நின்றவன் தலையைச் சாய்த்து மேல்தட்டைப் பார்த்தான். இடது காது இருக்க வேண்டிய இடத்தில் பாதிதான் இருந்தது, மேல்பாதி, கீழே தோல் சுருங்கி முடிச்சாகி இருந்தது. முதலில் அதைத்தான் பார்த்தாள், முகத்தை அல்ல. முகத்தைப் பார்க்கத் தேவைப்படவில்லை. ஆயுள் என்றார்கள், பிறகு நன்னடத்தை என்றார்கள், ஒருநாள் வெளியே வந்துவிட்டான் என்றார்கள், எங்கேயோ கல்யாணம் கட்டினான் என்றார்கள், எல்லாம் காதில்தான் விழுந்தது. இப்போது கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், முடி நரைத்து, வயிறு தள்ளி, செருப்பில் சேறோடு நிற்கிறான். பிடரியில் அந்தப் பள்ளம். முடி அங்கேதான் முடிகிறது, அவள் நினைத்த அதே இடத்தில். அவள் கையில் கனமான குவளை இருந்தது, அடிக்கண்ணாடி இரண்டு விரல் தடிமன். மேலேயிருந்து போடக் கூடாது, பக்கவாட்டில் வீச வேண்டும், முழுக்கையும் வர வேண்டும். கை தன்னால் கனத்தை அளந்தது. இத்தனை வருஷம் ஒத்திகை பார்த்தாயிற்று, இனி யோசிக்க என்ன இருக்கிறது. கழுத்து மளுக்கென்று போகும். முகம் அலமாரியில் மோதி, கண்ணாடி எல்லாம் அவன் மேல் கொட்டி, அவன் கீழே விழுந்த பிறகு முழங்காலை நெஞ்சில் வைத்து உடைந்த கண்ணாடியால் மிச்சக் காதையும். வாயில் எச்சில் ஊறியது, பசிக்கிறபோது ஊறுகிற மாதிரி. அப்போது அவன் திரும்பினான். நினைப்பில் ஒருபோதும் திரும்பாதவன் திரும்பி, மாஸ்க் போட்ட, பருத்துப்போன, நாற்பதை எட்டும் ஒரு பெண்பிள்ளையைப் பார்த்து, மரியாதையாக, "யக்கா, இதுல புகை வராத மெழுவர்த்தி எதுன்னு தெரியுமா?" என்றான்.

அவன் இடுப்புக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குழந்தை எட்டிப் பார்த்தது. பள்ளிக்கூட யூனிபார்ம், ஆறு வயசு இருக்கும், முன்பல் இரண்டும் இல்லை. "பிள்ளைக்கு இழுப்பு" என்றான் ததேயூஸ். "ராத்திரி ஒரு மெழுவர்த்தி எரியணும் வீட்டுல. சாதா மெழுவர்த்தி புகைதான் சேரமாட்டேங்குதுன்னு டாக்டர் சொன்னாரு. சோயான்னு ஒண்ணு இருக்காமே, எனக்கு இதொண்ணும் வாசிக்கத் தெரியல்ல." பிள்ளைக்கு இழுப்பு. அவனுக்கு ஒரு பிள்ளை, பிள்ளைக்கு ஒரு மூச்சு. குவளையைத் தட்டில் வைத்தாள். கண்ணாடியால் அடித்தால் ஒரு நிமிஷம், அதோடு முடிந்துவிடும். வேறொன்று வந்தது அவள் மனசுக்குள். அது வந்த வேகத்தில் அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. கை நீண்டு, ரோஸ் நிறத்தில் பளபளவென்று இருந்ததை எடுத்தது. இரண்டாக எடுத்தது. "இது நல்லது" என்றாள். மாஸ்க்குக்குள்ளிருந்து தன் குரல் அவ்வளவு சாந்தமாக வந்தது அவளுக்கே ஆச்சரியம். "நேச்சுரல்னு போட்டிருக்கு பாருங்க. கதவு, சன்னல் எல்லாம் சாத்தி வச்சிட்டுக் கொளுத்தணும். அப்பதான் வாசன நிக்கும், பிள்ளைக்கும் நல்லது." "சன்னலயுமா?" என்றான். "சன்னலயும்தான்." அவன் தலையாட்டினான். ஒவ்வொன்றையும் மனப்பாடம் பண்ணுகிறவன் மாதிரி உதட்டை அசைத்தான். "ரெம்ப உபகாரம் யக்கா" என்றான். குழந்தை ஒன்றை வாங்கி மோந்து பார்த்துத் தும்மியது. "அப்பா, நல்ல மணம்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தும்மியது.

அவர்கள் கவுண்டருக்குப் போனார்கள். டெல்பின் அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சந்தோஷம். சந்தோஷம்தான், பொய் சொல்ல என்ன இருக்கிறது, பல்லுக்குள் இரும்பு ருசியோடு, முதுகெல்லாம் வேர்க்கிற சந்தோஷம். ராத்திரி கதவைச் சாத்துவான். சன்னலைச் சாத்துவான். அவன் கையாலேயே தீக்குச்சியைக் கிழிப்பான். கிழிக்கட்டும். பிள்ளை மூச்சுக்குத் திணறும்போது அவன் நெஞ்சில் கையை வைத்து அமுக்கட்டும், எங்கே அமுக்குவது என்று தெரியாமல் அமுக்கட்டும், அவன் கையும் ஆஸ்பத்திரி வராந்தாவில் காயட்டும், யாராவது வந்து கையைக் கழுவு என்று சொல்லட்டும். நினைக்க நினைக்க நெஞ்சு விரிந்தது. மாஸ்க் வாயோடு ஒட்டிக்கொண்டு விலகியது. கவுண்டரில் அபிஷா ரோஸ் குவளையைப் பார்த்துவிட்டு ஏதாவது சொல்லிவிடுவாளோ என்று திக்கென்றது. அபிஷா அங்கே இல்லை, வேறொரு பையன் பில் போட்டுக்கொண்டிருந்தான். சரி. எல்லாம் சரியாகப் போகிறது. அப்போதுதான் குழந்தை மூன்றாவது முறை தும்மி, தும்மல் இருமலாகி, இருமல் அடங்கினதும் மூச்சை இழுத்தது. விசில். கடைக்குள் மெல்லிசாக ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, ஏசி இரைந்தது, அதற்கெல்லாம் அடியில் அது கேட்டது, ஒவ்வொரு மூச்சுக்கும் ஒன்று. ததேயூஸ் அவசரமில்லாமல் பையிலிருந்து நீல நிற ஸ்பிரேயை எடுத்துக் குழந்தையின் வாயில் வைத்து அமுக்கினான், "இழு மக்ளே, இழு, பிடிச்சு வையி" என்றான். விசில் நிற்கவில்லை. அந்தச் சத்தத்தை உலகத்தில் அவள் ஒருத்தனிடமிருந்துதான் கேட்டிருக்கிறாள், கிளீட்டஸிடமிருந்து, நெஞ்சுத் துளையிலிருந்து. துப்பட்டாவை அங்கே வைத்திருக்க வேண்டும். வயிற்றில் வைத்தாளே. வயிற்றை விட்டு நெஞ்சை மூடியிருந்தால் ஒருவேளை. அந்த ஒருவேளையை அவள் இருபத்திரண்டு வருஷமாகத் தாண்டவில்லை. இப்போது அந்த விசில் கடைக் கதவைத் திறந்துகொண்டு, தகப்பன் கையைப் பிடித்துக்கொண்டு, படியிறங்கிப் போகிறது.

ஓடியது ஞாபகமில்லை. படிக்கட்டின் கடைசிப் படியில் அவன் முதுகு, கையில் காகிதப் பை. பையைப் பிடித்து இழுத்தாள். அவன் என்னவோ ஏதோ என்று இறுக்கிப் பிடித்தான். "விடுல" என்றாள். பை கிழிந்து இரண்டு குவளையும் சிமெண்டில் விழுந்து ஒன்று சிதறியது, மற்றது உருண்டது. உருண்டதைக் காலால் மிதித்து உடைத்தாள், உடையவில்லை என்று குனிந்து எடுத்துப் படி விளிம்பில் அடித்தாள், கண்ணாடி உள்ளங்கைக்குள் இறங்கியது. "பைத்தியமா பிடிச்சிருக்கு ஒனக்கு?" என்று அவன் கையை ஓங்கினான். அந்தக் கை. ஓங்கின கையின் கட்டைவிரல் மடிந்திருந்த விதம்கூட அப்படியே. அவளுக்குப் பயமே வரவில்லை. மாஸ்க்கைக் கழற்றி எறிந்துவிட்டு அவன் கன்னத்தில் அறைந்தாள், ரத்தக் கையால். அவன் அவளைப் பார்த்தான். ஓங்கின கை நடுவில் நின்று, பிறகு எங்கே வைப்பது என்று தெரியாத மாதிரி கீழே வந்தது. "டெல்பினா?" என்றான். அவள் மறுபடியும் அறைந்தாள். மறுபடியும். அவன் முகத்தைத் திருப்பவில்லை. குட்டைக் காதிலிருந்து தாடை வரைக்கும் அவளுடைய ரத்தம். பூக்கடைக்காரனும் ஆட்டோக்காரர்கள் இரண்டு பேரும் ஓடி வந்து அவளைப் பிடித்தார்கள். "விடுங்க, விடுங்க. ஒண்ணுமில்ல. தெரிஞ்ச ஆளுதான்" என்றான் ததேயூஸ். "அத கொளுத்தாத" என்று அவள் கத்தினாள், மூச்சு இரைந்து வார்த்தை துண்டு துண்டாக வந்தது. "பொய் சொன்னேன். வேணும்னுதான் சொன்னேன். பிள்ளைக்கு அது ஆகாது. சன்னல சாத்தாத." கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. அவனுக்குப் புரிந்தது. உடைந்து கிடந்த ரோஸ் மெழுகையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தான், முகம் மெல்ல மெல்ல வெளுத்தது. ஒருவேளை இப்போது அடிப்பான் என்று நினைத்தாள். அடித்தால் நன்றாயிருக்கும். அடிக்கவில்லை. "அப்பா, அந்த மாமிக்க கையில ரெத்தம்" என்றது குழந்தை.

"யாருக்குக் கொளுத்துத?" என்று அவள்தான் கேட்டாள். கேட்காமல் போக முடியவில்லை. எனக்க அண்ணனுக்கு என்று மட்டும் சொல்லிவிடாதே, அப்படிச் சொன்னால் இந்தக் கண்ணாடி உன் கழுத்தில்தான், பிள்ளை பார்த்தாலும் சரி. அவன் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்குத்தான்" என்றான். "உள்ள கெடந்ததுல இருந்து இருட்டு ஆகல்ல. வெளக்க அணைச்சா சுவரு நெருங்கி வரும். லைட்டு போட்டா பிள்ள ஒறங்க மாட்டா. அதுக்குத்தான்." அவ்வளவுதான். கிளீட்டஸ் பெயரை அவன் எடுக்கவே இல்லை. ஆட்டோக்காரர் ஒருத்தர் தோளில் கிடந்த துண்டை அவளிடம் நீட்டினார், அவள் வாங்கிக் கையில் சுற்றினாள். பிறகு ததேயூஸ், வேறு கேட்க ஆளில்லாதவன் மாதிரி, "அப்போ எத வாங்கணும்?" என்றான். அவளுக்கு அவன் நாக்கைப் பிடுங்கிப் போட வேண்டும் போலிருந்தது. "பளபளன்னு இருக்கதத் தொடாத" என்றாள். "மேல வெள்ளையா பூத்திருக்கும், நகம் வச்சா பதியும், அதுதான். வாசன இல்லாதது கேளு. சன்னல் தொறந்து கெடக்கட்டும்." "செரி" என்றான். "நான் ஒன்ன மன்னிக்கல்ல, கேட்டியா." "தெரியும்" என்றான். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கன்னத்து ரத்தத்தைத் துடைக்காமலே, படியேறி மறுபடியும் கடைக்குள் போனான்.

டவுன் பஸ்ஸில் சன்னலோர சீட் கிடைத்தது. எதுவும் வாங்காமல்தான் வருகிறாள், ஜஸ்டின் கேட்டால் என்ன சொல்வது, கைக்கு என்ன சொல்வது, தையல் போட வேண்டியிருக்கும், துண்டு நனைந்துவிட்டது. கண்டக்டர் சேலையில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு டிக்கெட்டை மெதுவாக மடியில் வைத்துவிட்டுப் போனான். அவள் கண்ணை மூடினாள். எப்போதும் போல ததேயூஸை வரவழைத்தாள், வந்தான், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான், பிடரியில் பள்ளம். குவளையை எடுத்தாள். பக்கவாட்டில் வீசக் கையைப் பின்னால் கொண்டு போனாள். அவன் இடுப்புக்குப் பின்னாலிருந்து பல்லில்லாத அந்தக் குழந்தை எட்டிப் பார்த்தது. போ, என்றாள் மனசுக்குள். போ பிள்ள, தள்ளிப் போ. போகவில்லை. கண்ணைத் திறந்து, பஸ் ஒரு திருப்பத்தைத் தாண்டுகிற வரைக்கும் கடைகளைப் பார்த்துவிட்டு, மறுபடியும் மூடினாள். கஞ்சிப் பானையோடு போனாள், குழந்தை நின்றது. பாறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள், குழந்தை அவன் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தது, மூச்சு வாங்கியது, அலைச் சத்தத்துக்கு அடியில் அந்த விசில். அவளால் கையை இறக்க முடியவில்லை. ஓங்கினபடியே நின்றாள். அண்ணனைக் கொண்டுபோனான், இப்போது இந்த நினைப்பையும் கொண்டுபோய்விட்டான். ஒன்றுமே மிச்சம் வைக்காமல் போய்விட்டானே என்று நினைத்தபோதுதான் அழுகை வந்தது, பக்கத்து சீட்டுக்காரி திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக, ஆஸ்பத்திரி வராந்தாவில்கூட வராத அழுகை.